உப்பும் வெல்லமும் தாய்மொழியும்

(உலகத் தாய்மொழி நாள் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1952-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 21-ஆம் நாள், கிழக்கு வங்கத்தின் தலைநகராகிய தாக்காவில் மாணவர்மீது துப்பாக்கி வெடித்தது. அவர்கள் பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை. அன்றைய பாக்கித்தான் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பேசிய வங்கமொழிக்கு ஆட்சியில் இடம் கேட்டனர். உருது ஒன்றே ஆட்சிமொழி என்று மேலிருந்து வந்த கட்டளையை மறுத்தனர். அதற்கு விலையாக உயிரையே ஈந்தனர். 1938-இலும் 1965-இலும் இந்தித் திணிப்பை எதிர்த்துச் சிறையும் சாவும் கண்ட தமிழினத்துக்கு அந்த ஈகத்தின் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. 1999-இல் யுனெசுக்கோ நிறுவனம் அந்நாளை உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது.

இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் அறியாத செய்தி ஒன்றும் அதில் உண்டு. துப்பாக்கிச்சூடு நிகழ்ந்தது தாக்கா மருத்துவக் கல்லூரிக்கு அருகில். மாண்டோர்க்கு முதல் நினைவுத்தூணை இரவோடிரவாக எழுப்பியவர்கள் அம்மருத்துவக் கல்லூரியின் மாணவர்கள். பிப்ரவரி 26-ஆம் நாள் காவலர் அதனை இடித்துத் தள்ளினர். தாய்மொழிக்கு எழுந்த முதல் தூணைப் புலவர்கள் நாட்டவில்லை. மருத்துவம் பயின்ற இளைஞர்கள் நாட்டினர்!

மருத்துவத்துக்கும் தாய்மொழிக்கும் என்ன உறவு என்று கேட்பவர் இன்றும் உளர். அறிவியலுக்கு ஆங்கிலம், அழுகைக்குத் தமிழ் என்று பங்கு பிரிப்பவரும் உளர். அவர்களுக்கு விடையாக நிற்பது அதே வங்க மண்ணில், அதே தலைமுறையில், குடல்நோய் ஒன்றை மக்கள் வென்ற வரலாறு. அதுவே இவ்வுரையின் பொருள்.

நோயின் தன்மை

உண்ணும் உணவாலும் பருகும் நீராலும் நுண்ணுயிர்கள் குடலுக்குள் புகுந்து விளைக்கும் நோய்கள் பல. அவற்றுள் கொடியது காலரா. வாந்திபேதி என்று அதற்கு வழங்கும் பெயர் வடசொல் இரண்டின் கூட்டு. கக்கலும் கழிச்சலும் தமிழ். கக்கல்கழிச்சல் என்றால் நோயின் இரு குறிகளும் பெயரிலேயே விளங்கிவிடும்.

குடலைத் தாக்கும் நுண்ணுயிர்கள் எல்லாம் ஒரே வகையில் கேடு செய்வதில்லை. சில, குடலின் உட்சுவரைத் துளைத்துப் புண்ணாக்கிக் குருதியும் சளியுமாகக் கழியச் செய்கின்றன. 1897-இல் சப்பானியராகிய கியோசி சிகா கண்டறிந்த குருதிக்கழிச்சல் நுண்ணுயிர் அத்தகையது. வேறு சில, சுவரைப் புண்ணாக்காமலே உடம்பின் நீரையும் உப்பையும் குடலுக்குள் இறைத்துவிடுகின்றன. கக்கல்கழிச்சல் நுண்ணுயிர் இவ்வகையினது. அரிசி கழுவிய நீர்போல் கழிந்துகொண்டேயிருக்கும். கண் குழிவிழும், தோல் சுருங்கும், நாடி தளரும். காலையில் நலமாயிருந்தவர் மாலைக்குள் மாள்வதும் உண்டு. இந்நோயாளி இறப்பது பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றிப் போவதால்தான். இவ்வுண்மையை உலகம் உணரவும், உணர்ந்தபின் எளிய மக்களிடம் கொண்டுசேர்க்கவும் நெடுங்காலம் ஆயிற்று.

1854-இல் இலண்டன் மாநகரின் பிராடு தெருவில் இந்நோய் பரவியபோது, மருத்துவர் சான் சுனோ இறந்தோர் வீடுகளைக் கணக்கெடுத்தார். அவர்களுள் பெரும்பாலோர் ஒரே நீரேற்றுக் குழாயின் நீரைப் பருகியவர்கள் என்று காட்டினார். செப்டம்பர் 8-ஆம் நாள் அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. நோய் கெட்ட காற்றால் வருவது என்று பெரியோர் பலர் நம்பியிருந்த காலம் அது. அதே ஆண்டில் இத்தாலிய நாட்டுப் பிளாரன்சு நகரில் பிலிப்போ பாச்சினி என்பார் நோயால் இறந்தோர் குடலில் வளைந்த நுண்ணுயிர்களை உருப்பெருக்கியில் கண்டு எழுதினார், உலகம் செவிசாய்க்கவில்லை. செருமானியராகிய இராபர்ட்டு கோக்கு 1883-இன் இறுதியில் கொல்கத்தாவுக்கு வந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அந்நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். அது ஏதோ ஒரு நஞ்சைக் கக்குகிறது என்றும் அவர் கருதினார். ஆனால், அந்நஞ்சு எது, எங்ஙனம் வேலை செய்கிறது என்பது எழுபத்தைந்து ஆண்டுகள் எவர்க்கும் அகப்படவில்லை.

முயற்குடலில் கிடைத்த விடை

அதற்கு விடை கண்டவர் கொல்கத்தாவின் மருத்துவ ஆசிரியர் ஒருவர். சம்புநாத் தே என்பது அவர் பெயர். 1915-இல் ஊக்ளி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 1949-இல் முனைவர் பட்டம் பெற்று, தம் நகருக்கே திரும்பியவர்.

அவருக்கு முன் ஆய்ந்தவர்கள் நுண்ணுயிரின் நஞ்சைத் தேடி, அதனை விலங்குகளின் குருதியிலும் வயிற்றறையிலும் செலுத்திப் பார்த்தனர், கக்கல்கழிச்சல் தோன்றவில்லை. நோய் குடலில் நிகழ்வது, தேடியதோ வேறிடத்தில்! சம்புநாத் தே முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை வெட்டாமலே இருபுறமும் நூலால் கட்டினார். கட்டிய அச்சிறு பைக்குள் நுண்ணுயிர்களைச் செலுத்தினார். மறுநாள் திறந்து பார்த்தபோது அக்குடற்பகுதி நீரால் உப்பிக் கிடந்தது. இம்முறையை 1953-இல் வெளியிட்டார். பின்னர், நுண்ணுயிர்களை முற்றும் வடிகட்டி நீக்கிவிட்டு, அவை வளர்ந்த நீரை மட்டும் அவ்வாறே செலுத்தினார். அப்போதும் குடல் நீரால் நிறைந்தது. நுண்ணுயிர் இல்லை, அது விட்டுச்சென்ற நஞ்சு மட்டுமே இருந்தது. எழுபத்தைந்து ஆண்டுப் புதிர் அவிழ்ந்தது. 1959-இல் 'நேச்சர்' இதழில் அவ்வாய்வு வெளிவந்தது. 1956-இல் எசுசெரிக்கியா கோலி எனும் நுண்ணுயிரின் சில வகைகளும் முயற்குடலில் இவ்வாறே நீரைச் சுரக்கச் செய்கின்றன என்று அவரும் உடனுழைத்தோரும் காட்டியிருந்தனர். இன்று உணவாலும் நீராலும் வரும் கழிச்சல்களுள் பெரும்பங்கு அவ்வினத்தால் விளைகிறது என்பது தெளிந்த உண்மை.

இத்தகைய பேராய்வாளருக்கு அவர் பிறந்த நாடு என்ன செய்தது? இந்தியாவின் பெரிய அறிவியற் கழகம் எதுவும் அவர் வாழ்நாளில் அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. நோபல் பரிசு பெற்ற அமெரிக்க அறிவியலாளர் யோசுவா இலெடர்பெர்க்கு அவரை அப்பரிசுக்கே பரிந்துரைத்தார். 1978-இல் நோபல் அறக்கட்டளையின் சார்பில் சுவீடனில் நடந்த ஆய்வரங்கு அவரை அழைத்துப் பெருமை செய்தது. 1985-இல் அவர் மறைந்தார். 1990-இல்தான் இந்திய அறிவியல் இதழொன்று அவருக்கென ஒரு மலர் வெளியிட்டது. தன் மண்ணில் விளைந்த மணியைப் பிறர் மதித்த பின்னரே மதிக்கும் அடிமை உள்ளம் தமிழர்க்கு மட்டும் உரிய நோயன்று போலும்!

கெடாத கதவு

நஞ்சு செய்யும் வேலை பின்னர்ப் படிப்படியாக விளங்கிற்று. குடற்சுவரில் நுண்ணிய கதவுகள் பல உள்ளன. சில வழியாக உப்பும் நீரும் குடலுக்குள் சுரக்கும்; சில வழியாக அவை உடம்புக்குள் மீளும். கக்கல்கழிச்சலின் நஞ்சு சுரக்கும் கதவுகளைத் திறந்தபடியே நிறுத்திவிடுகிறது. ஆனால், ஒரு கதவை மட்டும் அதனால் கெடுக்க முடிவதில்லை. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோசு எனும் சருக்கரையும் இணைந்து நுழையும் கதவு அது. உப்பு தனியே வந்தால் நன்கு திறப்பதில்லை. சருக்கரையோடு கைகோத்து வந்தால் திறக்கிறது. அவ்விரண்டும் நுழைந்தால் நீரும் உடன் நுழைகிறது. இவ்விணைப்பை இராபர்ட்டு கிரேன் என்பார் 1960-இல் எடுத்துரைத்தார்.

நாட்டின் ஏழையர்க்கு இதைவிடப் பெரிய செய்தி என்ன இருக்க முடியும்? குருதிக்குழாயில் ஊசி வழியே நீரேற்ற மருத்துவமனை வேண்டும். தூய்மையாக்கிய நீர்க்குப்பி வேண்டும். தேர்ந்த கைகள் வேண்டும். வாய்வழி பருகும் நீருக்கு உப்பும் இனிப்பும் தூய நீரும் போதும். 1953-இலேயே கொல்கத்தா மருத்துவர் ஏமேந்திரநாத் சட்டர்சி 186 நோயாளிகளுக்கு வாய்வழி நீரூட்டிய செய்தியை 'இலான்செட்டு' இதழில் எழுதினார். மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. 1960-இல் தாக்காவில் கக்கல்கழிச்சல் ஆய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. அங்குப் பணியாற்றிய நேலின், கேசு என்னும் அமெரிக்க மருத்துவர் இருவரும் உடனுழைத்தோரும் 1968-இல் அளவறிந்து ஆய்ந்தனர். வாய்வழிக் கரைசலால் ஊசிநீரின் தேவை நூற்றுக்கு எண்பது பங்கு குறையும் என்று காட்டினர். அப்போதும் பலர் நம்பவில்லை. மருத்துவமனைக்குள் தேர்ந்த மருத்துவர் செய்யலாம், எளிய மக்கள் கையில் கொடுக்கலாகுமா என்று ஐயுற்றனர்.

எல்லையில் ஒரு தேர்வு

அவ்வையத்தைத் தீர்த்தது 1971. மொழியுரிமையில் தொடங்கிய வங்கர் போராட்டம் விடுதலைப் போராக வெடித்த ஆண்டு அது. ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் ஏதிலியராய் எல்லை கடந்து இந்தியாவுக்கு வந்தனர். மழைக்காலம், நெரிசல், கெட்ட நீர். கக்கல்கழிச்சல் தீப்போல் பரவிற்று. மேற்கு வங்கத்து எல்லையூராகிய பன்காவ் மருத்துவமனையில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தனர். ஊசிவழி ஏற்றும் நீர் தீரலாயிற்று.

அங்கு அனுப்பப்பெற்ற மருத்துவர் திலீப் மகலனோபிசு ஒரு முடிவுக்கு வந்தார். குளுக்கோசு 22 கிராம், சமையல் உப்பு 3.5 கிராம், ஆப்பச்சோடா 2.5 கிராம், இவை ஓர் இலிட்டர் நீருக்குரிய அளவு. கொல்கத்தாவில் இவற்றை நிறுத்துப் பொதிகளாகக் கட்டி, பன்காவுக்கு எடுத்துச்சென்று, பெரிய கலங்களில் கரைத்து வைத்தார். நோயாளிகளுக்கு அதைப் புகட்டியவர்கள் யார்? மருத்துவரல்லர், செவிலியரும் அல்லர். தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் அண்டையில் இருந்தோருமே குவளையில் முகந்து புகட்டினர். நூற்றுக்கு 30 அளவில் இருந்த சாவு, ஏறத்தாழ 3,700 நோயாளிகளிடையே நூற்றுக்கு 3.6 ஆகக் குறைந்தது.

1978-இல் 'இலான்செட்டு' இதழின் தலையங்கம், இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய மருத்துவ முன்னேற்றமாக இது அமையக்கூடும் என்று மதிப்பிட்டது. உலக நலவாழ்வு நிறுவனம் இம்முறையை உலகெங்கும் பரப்பத் தொடங்கியது. அது காத்த உயிர்கள் பல கோடி என்று கணிக்கின்றனர். மகலனோபிசு 2022-இல் மறைந்தார். மறைந்த பின் 2023-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூசண் விருது அளித்தது.

அடுக்களை அளவு

ஆயினும், அறிவு கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதும் மக்களைச் சென்றடைந்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. விடுதலை பெற்ற வங்காளதேசத்தில் சிற்றூர்தோறும் குழந்தைகள் கழிச்சலால் மடிந்துகொண்டிருந்தன. ஊர்தோறும் பொதிகளைக் கொண்டுசெல்லப் பாதையில்லை; பணமில்லை. தாய்மார் பலர்க்கு எழுத்தறிவும் இல்லை.

பசலே அசன் ஆபேத் என்பார் 1972-இல் நிறுவிய பிராக்கு என்னும் தொண்டு நிறுவனம் இப்பணியைக் கையிலெடுத்தது. 1979-இல் சுல்லா என்னும் பகுதியில் செய்துபார்த்து, 1980 முதல் பத்தாண்டுக்காலம் நாடு முழுதும் நடத்திற்று. பெண்களுக்குப் பயிற்சி தந்து வீடுவீடாக அனுப்பியது. அவர்கள் துண்டறிக்கையைக் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. தாயின் எதிரே அமர்ந்து, அவள் பேசும் வங்கமொழியில், அவள் வீட்டு அடுக்களைப் பொருளைக் கொண்டே கற்பித்தனர்.

குளுக்கோசு என்னும் சொல் அங்குப் புழங்கவில்லை. கிராம் என்னும் அளவும் புழங்கவில்லை. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, நான்கு விரலால் அள்ளிய ஒரு பிடி வெல்லம், அரைச்சேர் நீர். அவ்வளவே மருந்து! உப்பு-வெல்லச் சாறு என்பதே அதற்கு வங்கமொழியில் வழங்கிய பெயரின் பொருள். சிட்டிகை எந்த விரற்கோடு வரை இருக்க வேண்டும் என்பதும் காட்டப்பட்டது. தாய் தன் கையாலேயே கரைத்துக் காட்ட வேண்டும். அக்கரைசல்களிற் சில ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பப்பெற்று, உப்பின் அளவு சரியா என்று பார்க்கப்பட்டன. தாய்மார் நினைவில் வைக்க வேண்டிய கருத்துகளைத் தொடக்கத்தில் பத்தாக வகுத்தனர். மிகுதி எனக் கண்டு ஏழாகக் குறைத்தனர்.

இனி ஒரு செய்தி. ஆசிரியப் பணியில் உள்ளோர் அனைவரும் நெஞ்சிற் பொறிக்க வேண்டியது. கற்பித்த பெண்ணுக்கு எத்தனை வீடு ஏறி இறங்கினாள் என்று எண்ணி ஊதியம் தரவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் அவ்வீடுகளிற் சிலவற்றுக்குச் சென்றார். தாயிடம் கேள்வி கேட்டார்; கரைத்துக் காட்டச் சொன்னார். தாய் எவ்வளவு நினைவில் வைத்திருந்தாளோ அதற்கேற்பவே கற்பித்தவள் ஊதியம் பெற்றாள். கற்பித்தலின் அளவுகோல் கற்றவர் நெஞ்சில் நின்றது எவ்வளவு என்பதே. சொன்னவர் வாய் எவ்வளவு அசைந்தது என்பதன்று!

முதலில் இத்திட்டம் ஒரு தடையில் முட்டிற்று. தாய்மார் கரைசலைச் செய்யக் கற்றிருந்தனர். ஆனால், குழந்தைக்கு நோய் வந்தபோது பலர் அதைப் பயன்படுத்தவில்லை. ஏன் என்று ஆராய்ந்தனர். கற்பித்த பெண்களிற் பலர்க்கே அதில் நம்பிக்கை இல்லை என்று தெரிந்தது. தமக்குக் கழிச்சல் வந்தால் அவர்கள் வேறு மருந்தை நாடினர். அவர்களுக்குச் செய்முறை மட்டுமே சொல்லப்பட்டிருந்தது, கரணியம் சொல்லப்படவில்லை. பின்னர் அப்பெண்களுக்கு நீரும் உப்பும் உடம்பில் செய்யும் வேலை விளக்கப்பட்டது. ஆடவரிடமும், கடைத்தெருவிலும், பள்ளியிலும், தொழுகையிடத்திலும் எடுத்துரைக்கப்பட்டது. வழக்கம் வளர்ந்தது. 1990-க்குள் ஒரு கோடியே இருபது இலக்கம் இல்லங்கள் இக்கல்வியைப் பெற்றன.

உலகின் மிக ஏழை நாடுகளுள் ஒன்று, தன் மொழியை மட்டும் கையிற் கொண்டு, ஒரு கோடிக்கு மேற்பட்ட தாய்மாரை மருத்துவராக்கியது. மருத்துவ மாணவர் நாட்டிய அந்த மொழித்தூணைக் காவலர் இடித்தனர். ஆனால், அம்மொழியில் எழுந்த இந்தத் தூணை எவரால் இடிக்க முடியும்?

தமிழர்க்குரிய பாடம்

இவ்வரலாற்றிலிருந்து தமிழர் கொள்ள வேண்டியவை மூன்று.

முதலாவது, பிறமொழியறிவு பகையன்று. சம்புநாத் தே தம் ஆய்வை ஆங்கிலத்தில் எழுதினார். அதனால் உலகம் அறிந்தது. குற்றம் ஆங்கிலத்தில் எழுதுவதில் இல்லை; ஆங்கிலத்தோடு நின்றுவிடுவதில் இருக்கிறது. 'நேச்சர்' இதழின் பக்கத்துக்கும் சுல்லா ஊரின் அடுப்பங்கரைக்கும் இடையே ஒரு பாலம் வேண்டியிருந்தது. அப்பாலம் தாய்மொழி. அது கட்டப்படாதிருந்தால், கொல்கத்தாவிலும் தாக்காவிலும் கண்ட உண்மை நூலகத்தில் உறங்க, குழந்தை தொட்டிலில் இறந்திருக்கும்.

இரண்டாவது, தனித்தமிழ் அன்பர்களே எண்ணிப் பார்க்க வேண்டியது. அயற்சொல்லை நீக்கிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. வேரும் ஈறும் ஆய்ந்து ஆக்கிய தூய சொல்லும் தாயின் வாயில் ஏறவில்லையென்றால் அதுவும் அவளுக்கு அயற்சொல்லே. உப்பு, வெல்லம், சிட்டிகை, பிடி, கக்கல், கழிச்சல் என்பன எந்த அகராதியையும் புரட்டாமல் விளங்கும் தமிழ். அறிவியற் சொல்லாக்கம் அடுக்களையிலும் வயற்காட்டிலும் தொடங்க வேண்டும். மக்களிடம் உள்ள சொல்லை எடுத்து மக்களுக்கே கூர்மையாக்கித் தருவதே மொழித்தொண்டு.

மூன்றாவது, கட்டளையை மட்டும் மொழிபெயர்த்தால் போதாது. கரணியத்தையும் மொழிபெயர்க்க வேண்டும். 'இதைக் குடி' என்பது கட்டளை. 'உப்பும் இனிப்பும் சேர்ந்தால்தான் குடலின் கதவு திறக்கும், ஆகவே குடி' என்பது அறிவு. கட்டளை மறக்கும், அறிவு நிலைக்கும்.

இவை அயல்நாட்டுக் கதை என்று எவரும் ஒதுக்க வேண்டா. கக்கல்கழிச்சல் கொள்ளைநோயாகப் பரவுவது ஒரே வகை நுண்ணுயிரால்தான் என்று உலகம் நூறாண்டு நம்பியிருந்தது. 1992-இன் இறுதியில் அந்நம்பிக்கையை உடைத்த புதுவகை நுண்ணுயிர் முதன்முதல் வெளிப்பட்ட இடங்களுள் ஒன்று சென்னை. அங்கிருந்து வங்கக் கடலோரம் நெடுகப் பரவிக் கொல்கத்தாவையும் வங்காளதேசத்தையும் எட்டியது. அதனால் வங்கத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். நோய்க்கு எல்லையில்லை. நோயை வெல்லும் அறிவுக்கு மட்டும் மொழியெல்லை இருக்கலாமா?

மூன்றெழுத்து மயக்கம்

தமிழ்நாட்டில் இக்கரைசலுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் என்னும் நல்ல பெயர் உண்டு. உள்ளே இருப்பது என்ன என்பதைப் பெயரே சொல்லிவிடும். ஆனால், கடைகளில் ஓங்கி நிற்பது 'ஓ.ஆர்.எசு.' என்னும் ஆங்கில எழுத்து மூன்று. அவற்றின் விரிவை அறிந்தவர் எத்தனை பேர்? பொருள் விளங்காத எழுத்தில்தான் பொய் எளிதில் ஒளிந்துகொள்ளும். மிகுதியாய்ச் சருக்கரையிட்ட இனிப்பு நீர்கள், உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த அளவுக்கு ஒவ்வாமலே, அம்மூன்றெழுத்தைத் தம் பெயரோடு ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விற்பனையாயின. 2025-ஆம் ஆண்டு அக்டோபரில்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உணவுப் பொருள்களின் பெயரில் அவ்வெழுத்துகளைப் பயன்படுத்தலாகாது என்று ஆணையிட்டது.

இனிப்பு மிகுந்தால் என்ன கேடு? அளவுக்கு மீறிய சருக்கரை, குடலுக்குள் நீரை இழுத்து நிறுத்திக் கழிச்சலை மிகுவிக்கும். மருந்தென்று நம்பித் தாய் புகட்டுவது நோயை வளர்க்கும். ஒரு சொல் விளங்காமற் போனதன் விலையைக் குழந்தையின் உடம்பு கொடுக்க நேரும். மொழிச்சிக்கல் புலவர்க்கு மட்டும் உரிய சிக்கலன்று. அது சாவுக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்ட சிக்கல்.

இல்லந்தோறும் செல்ல வேண்டிய செய்தி

தாய்மார்களே! கேட்டுச் சென்று அண்டை வீட்டார்க்கும் உரைக்க வேண்டியது இது.

கழிச்சல் கண்டவுடன் நீரூட்டத் தொடங்குக. நலவாழ்வு நிலையத்தில் தரும் உப்பு சர்க்கரைக் கரைசற் பொதி இருப்பின், அதுவே சிறந்தது. உலக நலவாழ்வு நிறுவனம் 2002-இல் திருத்திய அளவின்படி குளுக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், இவற்றோடு பொட்டாசியம் உப்பும் சிட்ரேட்டு உப்பும் சேர்ந்து மொத்தம் 20.5 கிராம் அதிலுண்டு. அப்பொதி முழுவதையும் ஓர் இலிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் கரைக்க வேண்டும். நீரைக் குறைக்கலாகாது, வேறெதையும் சேர்க்கலாகாது. சிறுபொதியாயின் அதன்மேல் குறித்துள்ள நீரளவைக் காண்க. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கலாகாது.

பொதி கிடைக்காவிடில், ஓர் இலிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டிச் சருக்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைக்க வேண்டும். உப்பு மிகுந்தால் இடர்; அளவு மீறலாகாது. சிறிது சிறிதாக, அடிக்கடி புகட்டுக. கக்கினால் பத்து நிமையம் பொறுத்து மீண்டும் மெல்லப் புகட்டுக. தாய்ப்பாலை நிறுத்தற்க, உணவையும் நிறுத்தற்க. கழிச்சலுற்ற குழந்தைக்கு 10 முதல் 14 நாள் வரை துத்தநாக மருந்தும் கொடுக்குமாறு 2004 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்தி வருகிறது. அதனை மருத்துவரிடம் கேட்டுப் பெறுக.

மலத்தில் குருதி கண்டாலும், கண் குழிந்து குழந்தை துவண்டாலும், பருக மறுத்தாலும், சிறுநீர் நின்றாலும், காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்க. கரைசல் நுண்ணுயிரைக் கொல்வதில்லை. இழந்த நீரை மீட்டுத் தருகிறது. நோயே வாராமல் தடுப்பது தூய நீரும், சுடச்சுட உண்ணும் உணவும், மலங்கழித்த பின்னும் சமைக்குமுன்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கழுவிய கையுமே.

இளைஞர்களே! பொதிகளையும் மருந்துக் குப்பிகளையும் எடுத்துப் பாருங்கள். அவற்றின்மேல் தமிழ் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையேல், இருக்க வேண்டும் என்று எழுதுங்கள், கேளுங்கள், விடாது கேளுங்கள். மருத்துவம் பயில்வோரே! ஆங்கிலத்தில் கற்றதை ஆத்தாளுக்கு விளங்கும் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியவில்லையெனில், கற்றது இன்னும் நிறைவடையவில்லை என்று அறியுங்கள். ஆசிரியர்களே! வகுப்பறையில் ஒரு குவளை நீரும் உப்பும் சருக்கரையும் வைத்து, ஒவ்வொரு மாணவனையும் கரைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

தாய்மொழிக்காக உயிரீந்தோரை வணங்குவது கடன். தாய்மொழியால் உயிர் காப்பது அதனினும் பெருங்கடன். தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய், தமிழால் வாழவைக்கும் வாயாகவும் ஆகுக!

வாழ்க தமிழ்! வளர்க தமிழினம்!